வெண்கலக் காவலருக்குப் பாரா

1970களின் தொடக்கத்தில் சிகாகோ நகரப் போலீஸாருக்குப் புதிதாக ஒரு டியூட்டி வந்து சேர்ந்தது. கென்னடி விரைவுச் சாலையின் ஓரம் ஒரு மேடை, மேடைமேல் ஒரு சிலை. அந்தச் சிலைக்கு இரவும் பகலும் பாரா நிற்க வேண்டும். இதற்கு ஆண்டுக்கு 67,440 டாலர் செலவானது. சிலையில் இருந்தவர் தலைவரும் இல்லை, தளபதியும் இல்லை. 19ஆம் நூற்றாண்டுச் சீருடையில், ஒரு கையை உயர்த்தி நிற்கும் சாதாரணப் போலீஸ்காரர். வெண்கலத்தில் நிற்கும் காவலரை உயிருள்ள காவலர்கள் முறைவைத்துக் காத்தார்கள்.

இந்தச் செய்தியை முதன்முதலில் படித்தபோது எனக்கு அப்பாவின் நினைவுதான் வந்தது. ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். நான் வளர்ந்தது போலீஸ் லைன் வீட்டில். தலைவர் ஒருவரின் பிறந்தநாள் வந்தால் அப்பாவுக்கு முந்தின இரவே சிலை பந்தோபஸ்து. கம்பிக் கூண்டுக்குள் தலைவர் இருப்பார். வெளியே லத்தியோடு அப்பா இருப்பார். உட்கார ஒரு நாற்காலிகூட இருக்காது. ஒருமுறை டீ கொண்டுபோய்க் கொடுத்தபோது, “சிலைக்கு என்னப்பா ஆயிடப் போகுது?” என்று கேட்டேன். “சிலைக்கு ஒண்ணும் ஆகாதுடா. அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா ஊருக்கு ஆயிடும்” என்றார்.

காவலர்களுக்கு ஒரு நகரம் சிலை எழுப்பலாமா என்ற கேள்வி வரும்போதெல்லாம் எனக்குள் இரண்டு குரல்கள் எழும். எழுப்பத்தான் வேண்டும் என்பது போலீஸ்காரர் மகனின் குரல். பணியில் இறந்த ஒரு கான்ஸ்டபிளின் வீட்டு வாசலில் சின்ன வயதில் நின்றிருக்கிறேன். அந்த வீட்டின் அழுகையை நகரம் ஒரு கல்லிலாவது எழுதி வைக்கக் கடமைப்பட்டிருக்கிறது. இன்னொரு குரல் சிகாகோவின் கதையைப் படித்த பிறகு வந்தது. யாரை நினைக்கிறோம் என்று முடிவு செய்யாமல் சிலையை வார்த்துவிட்டால், சிலைக்கும் பாதுகாப்பில்லை, இறந்தவருக்கும் மரியாதையில்லை என்று அது சொல்கிறது.

அந்தக் கதை 1886 மே மாதத்தில் தொடங்குகிறது. எட்டு மணி நேர வேலை கேட்டு அமெரிக்கா முழுவதும் தொழிலாளர்கள் மே 1 அன்று வேலையை நிறுத்தினார்கள். போராட்டத்தின் மையம் சிகாகோ. மே 3 அன்று மெக்கார்மிக் அறுவடை இயந்திரத் தொழிற்சாலை வாசலில் போலீஸார் சுட்டதில் குறைந்தது இருவர் இறந்தார்கள். அதைக் கண்டிக்க மறுநாள் மாலை ஹேமார்க்கெட் அருகே, டெஸ்பிளெய்ன்ஸ் தெருவில் கூட்டம் போட்டார்கள். ஹேமார்க்கெட் என்றால் வைக்கோல் சந்தை. அங்கே நின்ற ஒரு பார வண்டிதான் மேடை. மேயர் கார்ட்டர் ஹாரிசன் நேரில் வந்து கேட்டார். கூட்டம் அமைதியாகத்தான் நடக்கிறது, காத்திருக்கும் படையை அனுப்பிவிடலாம் என்று போலீஸ் அதிகாரியிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். வானம் கறுத்து மழை வரும்போல இருந்தது. ஜனங்கள் கலைந்து சில நூறு பேர்தான் மிச்சம்.

அந்த நேரத்தில், இரவு பத்தரை மணி வாக்கில், இன்ஸ்பெக்டர் ஜான் பான்ஃபீல்டின் கட்டளைப்படி சுமார் 180 போலீஸார் அணிவகுத்து வந்தார்கள். கேப்டன் வில்லியம் வார்டு, இல்லினாய் மக்களின் பெயரால் அமைதியாகக் கலைந்து போகும்படி உத்தரவிட்டார். வண்டியில் பேசிக்கொண்டிருந்த சாமுவேல் ஃபீல்டன், நாங்கள் அமைதியாகத்தானே இருக்கிறோம் என்றார். இருட்டிலிருந்து ஒரு குண்டு வந்து விழுந்தது. அதைத் தொடர்ந்து துப்பாக்கிகள் வெடித்தன. எறிந்தவர் யார் என்று இன்றுவரை தெரியாது. இருட்டில் போலீஸார் சுட்ட குண்டுகளே பல போலீஸார்மேல் பாய்ந்தன என்று அந்தத் துறையின் அதிகாரி ஒருவரே, தன் பெயரை வெளியிடாமல், பத்திரிகைக்குச் சொன்னார். பொதுமக்களில் குறைந்தது நான்கு பேர் இறந்தார்கள். காயம்பட்ட பலர் கைதுக்குப் பயந்து மருத்துவரிடமே போகவில்லை.

இறந்த போலீஸார் ஏழு பேர். மத்தியாஸ் டீகன், ஜான் பாரட், ஜார்ஜ் மில்லர், டிமோதி ஃபிளாவின், மைக்கேல் ஷீஹன், தாமஸ் ரெடன், நெல்ஸ் ஹேன்சன். அன்று பட்ட காயத்தின் விளைவாக இரண்டு ஆண்டு கழித்து இறந்த டிமோதி சல்லிவனையும் சேர்த்து எண்ணினால் எட்டு. ஹேமார்க்கெட் பற்றித் தமிழில் நிறைய எழுதியிருக்கிறார்கள். மே தின மலர்களில் ஆண்டுதோறும் எழுதுகிறார்கள். தூக்கிலேறிய தியாகிகளின் பெயர்கள் நமக்கு மனப்பாடம். இந்த எட்டுப் பெயர்களையும் ஒரே இடத்தில் தமிழில் நான் பார்த்ததில்லை. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன். அந்த இரவின் கட்டளையைப் போட்டவர்கள் இவர்கள் அல்லர். கட்டளைக்குக் கீழ்ப்படிந்து வரிசையில் நடந்து வந்தவர்கள்.

அடுத்து நடந்த வழக்கு அமெரிக்க நீதித்துறையின் ஆறாத வடு. குண்டெறிந்தவர் அகப்படாத நிலையில், எட்டுப் பேர்மீது அவர்களுடைய பேச்சுக்கும் எழுத்துக்குமாக நீதிபதி ஜோசப் கேரியின் மன்றத்தில் விசாரணை நடந்தது. குண்டு வெடித்த நேரத்தில் அவர்களில் பெரும்பாலோர் அந்த இடத்திலேயே இல்லை. 1887 நவம்பர் 11 அன்று ஆகஸ்ட் ஸ்பைஸ், ஆல்பர்ட் பார்சன்ஸ், அடால்ஃப் ஃபிஷர், ஜார்ஜ் எங்கல் நால்வரும் தூக்கிலிடப்பட்டார்கள். அதற்கு முந்தின நாள் லூயிஸ் லிங் சிறையறையில் உயிரை மாய்த்துக்கொண்டார்.

சிலைக்கு வருகிறேன். நகரத்தின் செல்வந்தர்களும் வணிகர்களும் முன்னின்று பணம் திரட்டினார்கள். யோஹான்னஸ் கெலர்ட் என்ற சிற்பி செய்தார். தாமஸ் பர்மிங்ஹாம் என்ற போலீஸ்காரரை மாதிரியாக நிறுத்தி வடித்தார். ஒன்பது அடி வெண்கலம். உயர்ந்த கை, கூட்டத்தைத் தடுத்து நிறுத்தும் கை. பீடத்தில் கேப்டன் வார்டு அன்றிரவு சொன்ன வார்த்தைகள்: இல்லினாய் மக்களின் பெயரால் அமைதிக்கு ஆணையிடுகிறேன் என்ற பொருளில்.

நான் தடுமாறும் இடம் இதுதான். இறந்துபோன எழுவரில் எவருடைய முகமும் அந்தச் சிலைக்கு இல்லை. அவர்கள் சாகும் கணமும் அதில் இல்லை. குண்டு விழுவதற்குச் சற்று முன்னால் அதிகாரி ஒருவர் பிறப்பித்த உத்தரவு இருக்கிறது. எழுவருக்கான நினைவு என்று சொல்லி, உத்தரவுக்குச் சிலை வைத்தார்கள். அந்த உத்தரவு தேவையா, மேயர் வேண்டாம் என்று சொன்ன பிறகும் படை ஏன் அணிவகுத்தது என்பது அப்போதே கேட்கப்பட்ட கேள்வி. கேள்விக்குப் பதில் வருமுன்னே வெண்கலம் இறுகிவிட்டது. இன்னும் வலிக்கும் விஷயம் ஒன்று உண்டு. சிலை திறக்கும் அதே 1889ஆம் ஆண்டின் தொடக்கத்தில், லஞ்சப் புகார்கள் பத்திரிகையில் வெளியாகி, படையை அனுப்பிய பான்ஃபீல்டு பதவியிழந்தார். உத்தரவிட்டவர் களங்கப்பட்டுப் போனார். உத்தரவு மட்டும் பீடமேறி நின்றது.

1889 மே 30 அன்று, போரில் இறந்தவர்களை அமெரிக்கா நினைக்கும் நாளில், ஹேமார்க்கெட் சந்தையின் நடுவில் சிலை திறக்கப்பட்டது. திரையை விலக்கியவர் மத்தியாஸ் டீகனின் மகன்.

சில வாரம் கழித்து, அதே ஆண்டு ஜூலையில், பாரிஸில் சோஷலிஸ்ட்களின் சர்வதேச மாநாடு கூடியது. அடுத்த ஆண்டு மே 1 அன்று எட்டு மணி நேர வேலைக்காக எல்லா நாடுகளிலும் ஒரே நாளில் ஊர்வலம் போக வேண்டும் என்று அது தீர்மானித்தது. அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பு அந்த நாளை ஏற்கனவே குறித்து வைத்திருந்ததால் அதையே எடுத்துக்கொண்டார்கள். ஒரே மே மாதத்துக்கு இப்படி ஒரே ஆண்டில் இரண்டு நினைவுச் சின்னங்கள் பிறந்தன. ஒன்று வெண்கலம், மற்றது நாட்காட்டியில் ஒரு தேதி. அந்தத் தேதி 1923இல் சென்னைக்கு வந்தது. உயர் நீதிமன்றத்துக்கு எதிர்க் கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் சிங்காரவேலர் கூட்டிய கூட்டங்கள்தாம் இந்தியாவின் முதல் மே தினம். தேதிக்குப் பாரா போட வேண்டியிருக்கவில்லை.

வெண்கலத்தின் கதை வேறு. சந்தையில் வண்டிப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று 1900இல் அதை யூனியன் பூங்காப் பக்கம் நகர்த்தினார்கள். 1927 மே 4 அன்று, சரியாக 41ஆம் ஆண்டு நினைவு நாளில், ஒரு டிராம் தண்டவாளத்தை விட்டு இறங்கி வந்து சிலைமேல் மோதியது. தினமும் அந்தத் தூக்கிய கையைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது என்று ஓட்டுநர் சொன்னதாக ஒரு கதை சிகாகோவில் இன்றும் வழங்குகிறது. பிரேக் பிடிக்கவில்லை என்பதும் காரணமாகச் சொல்லப்பட்டது. செப்பனிட்டுப் பூங்காவுக்குள் வைத்தார்கள். 1950களில் விரைவுச் சாலை வந்து பழைய சந்தைச் சதுக்கத்தில் பாதியை விழுங்கியது. அப்போது பழைய இடத்துக்கு அருகிலேயே, சாலையைப் பார்த்தபடி ஒரு மேடை கட்டிச் சிலையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

1968 மே 4 அன்று, வியட்நாம் போர் எதிர்ப்பாளர்களோடு போலீஸ் மோதிய சமயத்தில், சிலைமேல் கறுப்பு மை ஊற்றினார்கள். 1969 அக்டோபர் 6 அன்று வெதர்மென் என்ற தீவிர இளைஞர் குழு கால்களுக்கிடையே வெடி வைத்தது. அக்கம்பக்கத்தில் நூறு ஜன்னல்கள்வரை உடைந்தன. சிலையின் துண்டுகள் விரைவுச் சாலையில் போய் விழுந்தன. மேயர் ரிச்சர்ட் டேலி மறுபடி எழுப்பச் சொன்னார். 1970 மே 4 அன்று சிலை மீண்டும் எழுந்தது. அக்டோபரில் அதே குழு அதையும் தகர்த்தது. மறுபடியும் எழுப்பினார்கள். பாரா போட்டது அதன் பிறகுதான்.

வெடி வைத்தவர்களை நான் ஒரு சொல்லாலும் தாங்க மாட்டேன். அந்த நேரத்தில் கீழே சாலையில் யாராவது வந்திருந்தால் என்னவாகியிருக்கும்? இறந்துபோன எழுவரின் பேரப்பிள்ளைகள் அந்த நகரத்தில்தானே இருந்தார்கள்? ஆனாலும் அந்தச் சிலைமேல் மட்டும் ஏன் எண்பது ஆண்டுக் கோபம் இறங்கியது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. எழுவரின் கல்லறைகளை யாரும் தேடிப்போய் உடைக்கவில்லை. உடைத்தது தங்களை நோக்கி உயர்ந்து நிற்கும் கையை. போலீஸோடு மோதிவிட்டு வந்த ஒவ்வொரு தலைமுறை இளைஞனுக்கும் அந்தக் கை தன்னை நிற்கச் சொல்வதாகவே தெரிந்தது. 1886இல் இறந்தவர்கள் அந்தக் கைக்குப் பின்னால் மறைந்துபோனார்கள்.

இரவும் பகலும் பாரா போட்டுக் கட்டுப்படியாகாமல், 1972இல் சிலையைப் போலீஸ் தலைமையகத்துக்குள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். 1976இல் போலீஸ் பயிற்சிப் பள்ளியின் முற்றத்துக்கு மாற்றினார்கள். தெருவில் வெறும் பீடம் மட்டும் பல பத்தாண்டுகள் கிறுக்கல்களோடு நின்றது. நகரத்தின் நினைவுக்கென்று வைத்த சிலை நகரத்தின் கண்ணிலிருந்து மறைந்தது. ஒரு பொதுக்கலைப் படைப்புக்கு இதைவிடப் பெரிய தோல்வி இல்லை.

மறுபக்கத்தின் நினைவுச் சின்னத்தையும் சொல்ல வேண்டும். நகருக்கு வெளியே வால்ட்ஹைம் கல்லறைத் தோட்டத்தில், தூக்கிலிடப்பட்டவர்கள் புதைந்த இடத்தில், ஆல்பர்ட் வைனர்ட் செய்த சிற்பம் 1893 ஜூன் 25 அன்று திறக்கப்பட்டது. முக்காடிட்ட ஒரு பெண், விழுந்து கிடக்கும் தொழிலாளியின் தலையில் மாலை வைக்கிறாள். மறுநாளே மாநில ஆளுநர் ஜான் பீட்டர் ஆல்ட்கெல்ட், சிறையில் எஞ்சியிருந்த ஃபீல்டன், ஷ்வாப், நீபி மூவரையும் விடுதலை செய்தார். நீதிபதி நடுநிலை தவறினார், ஜூரிகள் ஆள்பார்த்துப் பொறுக்கப்பட்டார்கள் என்று வெளிப்படையாக எழுதினார். அடுத்த தேர்தலில் தோற்றார். அந்தச் சிற்பத்தில் விழுந்தவரும் இருக்கிறார், துக்கப்படுபவரும் இருக்கிறார். போலீஸ் சிலைக்கு இதில் பாதியாவது கிடைத்திருக்கலாம்.

கிடைக்க முடியாத ஒன்றை நான் கேட்கவில்லை. வாஷிங்டனில் 1991இல் திறக்கப்பட்ட தேசியச் சட்டக் காவலர் நினைவிடத்தில், பணியில் இறந்த 20,000க்கும் மேற்பட்டோரின் பெயர்களை வளைந்த சுவர்களில் செதுக்கியிருக்கிறார்கள். சுவரின் முனைகளில் குட்டிகளைக் காக்கும் வெண்கலச் சிங்கங்கள். பெயர்கள் அகரவரிசையில் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் புதிய பெயர்கள் சேர்கின்றன. வருகிறவர்கள் காகிதத்தைப் பெயர்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்துப் போகிறார்கள். தில்லியில் சாணக்யபுரியில் 2018 அக்டோபர் 21 அன்று திறந்த தேசியக் காவலர் நினைவிடத்தின் நடுவில் 30 அடி உயரம், 238 டன் எடையுள்ள ஒற்றைக் கருங்கல் நிற்கிறது. அதற்கு முகமும் இல்லை, கையும் இல்லை. அதன் அருகே சுவரில் விடுதலைக்குப் பின் பணியில் இறந்தவர்களின் பெயர்கள்; திறக்கும்போது 34,844. 1959இல் அதே தேதியில் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் சீனப் படையால் கொல்லப்பட்ட மத்திய ரிசர்வ் போலீஸார் பத்துப் பேரின் நினைவாகத்தான் அக்டோபர் 21 காவலர் வீரவணக்க நாள் ஆனது.

பெயர் எழுதும் மரபு நமக்குப் புதிதல்ல. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்களில் ஒன்று, ஆகோள் பூசலில், அதாவது மாடு கவரும் சண்டையில், விழுந்தவனின் பெயரையும் ஊரையும் தமிழ்பிராமி எழுத்தில் சொல்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் ஒரு சாதாரண மனிதனுக்குக் கிடைத்த மரியாதை அது. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. இறந்த வீரனின் காலடியில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்வர் இருவரைக் கடித்து, விழுந்தவனுக்குக் காவலிருந்த நாய். அதன் பெயர் கோவிவன் என்று கல்லே சொல்கிறது. யார், எந்த ஊர், எப்படி இறந்தான் என்பதற்குமேல் நடுகல் எதுவும் பேசாது. பார்ப்பவனுக்கு அது உத்தரவு போடாது.

சட்டத்தின் கை உயர்ந்து நிற்பதுதானே எளியவர்களுக்குப் பாதுகாப்பு, அதை ஏன் வெண்கலத்தில் காட்டக்கூடாது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். உயிருள்ள காவலரின் கை தேவையானபோது உயரும், மற்ற நேரம் தாழும். ஒரு குழந்தையைச் சாலை தாண்டி விடும். தவறாக உயர்ந்தால் அதை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம். சிலையின் கை ஒருநாளும் தாழாது, ஒருநாளும் பதில் சொல்லாது.

சிகாகோ அதைக் கற்றுக்கொண்டதாகத்தான் நினைக்கிறேன். 2004 செப்டம்பரில், வண்டி மேடை நின்ற அதே டெஸ்பிளெய்ன்ஸ் தெருவில் மேரி பிரகர் என்ற சிற்பியின் படைப்பு நிறுவப்பட்டது. முகமில்லாத உருவங்கள் ஒரு வண்டியின்மேலும் கீழுமாக நிற்கின்றன. வண்டியைக் கட்டுகிறார்களா பிரிக்கிறார்களா என்று சொல்ல முடியாதபடி செய்திருக்கிறார். திறப்பு விழாவுக்குத் தொழிற்சங்கத் தலைவரும் வந்தார், போலீஸ் சங்கத்தின் தலைவரும் வந்தார். 118 ஆண்டுகளுக்குப் பிறகு இரு தரப்பும் ஒரே நினைவுச் சின்னத்தின் முன்னால் நின்றன.

போலீஸுக்கு அங்கே சங்கம் இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் 1966ஆம் ஆண்டின் போலீஸ் படைகள் உரிமைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது. எட்டு மணி நேர வேலை கேட்டுத் தொழிலாளர்கள் கூடிய இடத்தில் எட்டுக் காவலர்கள் உயிர்விட்டார்கள். என் அப்பாவின் 34 ஆண்டுப் பணிக்காலத்தில் எட்டு மணி நேரத்தில் முடிந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மே தின ஊர்வலத்துக்குப் பந்தோபஸ்து போய்விட்டு அவர் வீடு திரும்பும்போது இரவு பதினோரு மணி ஆகியிருக்கும். பூட்ஸைக் கழற்றினால் பாதம் வீங்கியிருக்கும். அம்மா வெந்நீரில் உப்புப் போட்டு வைத்திருப்பாள். அந்த ஊர்வலம் தனக்காகவும்தான் என்று அப்பாவிடம் யாரும் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை.

தமிழ்நாட்டில் ஒரு நகராட்சி நாளை காவலர் நினைவுச் சிலை ஒன்றுக்குத் தீர்மானம் போட்டால், தயவுசெய்து லத்தியையும் உயர்ந்த கையையும் விட்டுவிடுங்கள் என்று கேட்பேன். வெள்ளத்தில் ஒரு கிழவியைத் தோளில் தூக்கி வரும் ஆள் இருக்கட்டும். இரவு இரண்டு மணிக்கு மூடிய கடை வாசலில் தனியாக நிற்கும் ஆள் இருக்கட்டும். எதுவுமே வேண்டாம் என்றால் பெயர்கள் போதும். பெயரோடு ஊரும், இறந்த விதமும். கூடவே இன்னொன்று. அந்த நகரத்தில் காவல் துறையால் அநியாயமாக ஒருவர் இறந்திருந்தால், அந்த வீட்டுக்காரர்களும் அந்தப் பக்கம் வெறுப்பில்லாமல் நடந்துபோகும்படி அது இருக்க வேண்டும். இது கடினம் என்று தெரியும். சிகாகோவுக்கு நூறு ஆண்டுக்குமேல் ஆயிற்று.

பழைய சிலை இன்னும் இருக்கிறது. 2007 ஜூன் 1 அன்று புதிய பீடத்தில், சிகாகோ போலீஸ் தலைமையகத்தில் அதை மறுபடி நிறுவினார்கள். அன்றும் திரையை விலக்க ஒருவரை அழைத்திருந்தார்கள். 1889இல் டீகனின் மகன் நின்ற இடத்தில், இந்த முறை டீகனின் கொள்ளுப்பேத்தி நின்றார்.